வீடு தேடி வந்த கல்வி: சொகோட்டோவின் நானா அஸ்மா அம்மையார்



நம் மஹல்லாவில் எத்தனை வீடுகள், எத்தனை தலைக்கட்டுகள், வெளிநாட்டில் இருப்போர் எத்தனை பேர், திருமணத்திற்குக் காத்திருக்கும் குமருகள் எத்தனை பேர் என்ற கணக்கை ஜமாஅத் பதிவேட்டில் எழுதி வைக்கிறோம். எத்தனை உள்ளங்கள் வாடிக் கிடக்கின்றன என்பதை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. இத்தா முடிந்து ஆண்டுகள் கடந்த பின்னும் எவரோடும் வாய் திறந்து பேசாத சகோதரி, படிப்பு பாதியில் நின்றதால் அறைக்குள் முடங்கிக் கிடக்கும் இளைஞன், தலைப்பிள்ளை பெற்ற பிறகு காரணம் புரியாமல் அழுதுகொண்டிருக்கும் இளந்தாய் ஆகியோரின் வேதனை வீட்டுச் சுவரைத் தாண்டி வெளியே வருவதில்லை. வந்துவிட்டாலோ, காற்றுக் கருப்பு என்று சொல்லித் தாயத்துக் கட்டுபவரிடம் அழைத்துச் செல்வோர் நம்மில் இன்றும் இருக்கிறார்கள்.

இத்தகைய உள்ளங்களைத் தேடிச் செல்ல ஒரு வழி வகுத்த பெண்மணி ஒருவர் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்தார். அவர் அறிஞர், கவிஞர், ஆசிரியை. அவர் பெயர் நானா அஸ்மா. நம்மவர் வாழும் சில ஊர்களில் அண்ணனை நானா என்று அழைப்பது வழக்கம். ஹவுஸா மொழியிலோ அது பெண்மணிகளுக்குரிய மரியாதைச் சொல். மேற்கு ஆப்பிரிக்கா எங்கும் புகழ்பெற்ற இவ்வம்மையாரின் வரலாற்றை நம் ஜமாஅத்தார் அறிந்துகொள்வது இன்றைய தேவை எனக் கருதி இங்கே தருகிறோம்.

பிறப்பும் கல்வியும்

இன்றைய நைஜீரியாவின் வடமேற்குப் பகுதியில் அந்நாளில் கோபிர் என்ற ஹவுஸா அரசு இருந்தது. அதன் எல்லைக்குள் அமைந்த தெகெல் என்னும் சிற்றூரில் 1793ஆம் ஆண்டு அஸ்மா பிறந்தார். தந்தையார், மார்க்க மேதையும் சீர்திருத்தவாதியுமான ஷெஹு உஸ்மான் தன் ஃபோதியோ (ரஹ்). ஷெய்கு என்பதையே அவ்வூரார் ஷெஹு என்பர். அஸ்மாவோடு ஓர் ஆண் குழந்தையும் இரட்டையாகப் பிறந்தது. இரட்டையருக்கு ஹஸன், ஹுஸைனா எனப் பெயரிடுவது அந்நாட்டு வழக்கம். ஆண் குழந்தைக்கு ஹஸன் என்றே பெயர் வைத்த ஷெஹு அவர்கள், பெண் குழந்தைக்கு மட்டும் வழக்கத்தை மாற்றி அஸ்மா என்று பெயரிட்டார்கள். ஹிஜ்ரத்தின்போது தவ்ர் குகையில் தங்கியிருந்த நபி (ஸல்) அவர்களுக்கும் தம் தந்தையாருக்கும் உணவு எடுத்துச் சென்ற அஸ்மா பின்த் அபூபக்கர் (ரலி) அவர்களின் பெயர் அது.

அந்தக் குடும்பத்தில் கல்வி ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஷெஹு அவர்களே தம் தாயாரிடமும் பாட்டியாரிடமும் பாடம் கேட்டவர்கள். அஸ்மாவின் மூத்த சகோதரி கதீஜா, மாலிகி மத்ஹபின் புகழ்பெற்ற சட்ட நூலாகிய முக்தஸர் கலீலைத் தம் தாய்மொழியாகிய ஃபுல்ஃபுல்தேயில் பெயர்த்த பேரறிஞர். இத்தகைய சூழலில் வளர்ந்த அஸ்மா, குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹு, தஸவ்வுஃப் ஆகிய துறைகளைக் கற்றுத் தேர்ந்தார். ஃபுல்ஃபுல்தே, ஹவுஸா, அரபி, தமாஷெக் ஆகிய நான்கு மொழிகளை அறிந்திருந்தார்.

ஷெஹு அவர்களின் பயான் மஜ்லிஸுக்குப் பெண்களும் வந்தார்கள். ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் கூடுவதா என்று சில ஆலிம்கள் ஆட்சேபித்தனர். பெண்களை அறியாமையில் விட்டுவைப்பதே அதனினும் பெரிய தீமை என்று ஷெஹு அவர்கள் விடையளித்தார்கள். மனைவியையும் மகளையும் கல்லாதவர்களாக வைத்துக்கொண்டு ஊருக்குப் பாடம் நடத்தும் அறிஞர்களைத் தம் நூல்களில் கடுமையாகக் கண்டித்தார்கள். தந்தையின் இக்கொள்கையைப் பிற்காலத்தில் ஓர் அமைப்பாகவே ஆக்கிக் காட்டியவர் மகள் அஸ்மா.

புலம்பெயர்வும் போரும்

கோபிர் மன்னருக்கும் ஷெஹு அவர்களுக்கும் இடையே பகை முற்றியது. 1804 பிப்ரவரியில் ஷெஹு அவர்களின் குடும்பத்தாரும் மாணவர்களும் தெகெலைத் துறந்து குடு என்னும் இடத்திற்கு ஹிஜ்ரத் சென்றனர். அப்போது அஸ்மா பத்து வயதைக் கடந்த சிறுமி. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் போர் நடந்தது. 1804 டிசம்பரில், ரமலான் மாதத்தில் த்ஸுன்த்ஸுவா என்ற இடத்தில் ஏற்பட்ட தோல்வியில் சுமார் 2000 பேர் மாண்டதாகவும், அவர்களில் 200 பேர் குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ்கள் என்றும் வரலாற்றில் குறிக்கப்பட்டுள்ளது. ஒரே நாளில் எத்தனை பெண்கள் விதவையாயினர், எத்தனை குழந்தைகள் எத்தீமாயினர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1807இல், போர் ஓயும் முன்பே, அஸ்மாவின் நிக்காஹ் நடந்தது. மணமகன் கிதாதோ என்பவர், அஸ்மாவின் சகோதரர் முஹம்மது பெல்லோவின் உற்ற நண்பர். 1808இல் கோபிரின் தலைநகர் அல்கலாவா வீழ்ந்தது. 1809இல் பெல்லோ அவர்கள் சொகோட்டோ நகரை அமைத்தார்கள். 1817ஆம் ஆண்டு அஸ்மாவின் வாழ்வில் துயர் மிகுந்த ஆண்டாக அமைந்தது. ஏப்ரலில் தந்தையார் வஃபாத்தானார்கள். அதே ஆண்டிலேயே, உடன்பிறந்த இரட்டையராகிய ஹஸனும் மறைந்தார். பெல்லோ அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்க, கிதாதோ வஸீர் ஆனார். 24 வயதில் அஸ்மா ஒரு பேரரசின் முதன்மை வஸீருடைய இல்லத்தலைவியானார்.

உடைந்த உள்ளங்கள்

போர் முடிந்ததும் புதிய ஆட்சி பிறந்தது. ஆனால் வீடுகளுக்குள் அமைதி பிறந்துவிடவில்லை. ஒருபுறம், வெற்றி பெற்ற தரப்பிலேயே கணவரையும் மகனையும் பறிகொடுத்த பெண்கள். மறுபுறம், தோற்ற தரப்பிலிருந்து பிடித்து வரப்பட்டு, புரியாத மொழி பேசும் குடும்பங்களில் சேர்க்கப்பட்ட ஹவுஸா பெண்கள். அடிமை முறை அந்நாளைய சொகோட்டோவில் பரவலாக இருந்தது. அஸ்மா அம்மையாரின் இல்லத்திலும் அடிமைகள் இருந்தனர். இதை மறைத்துவிட்டு அவரது வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. பிடித்து வரப்பட்ட அப்பெண்கள் நாளை பெறப்போகும் பிள்ளைகள்தாம் அச்சமுதாயத்தின் அடுத்த தலைமுறை. தாயின் மனம் கலங்கிக் கிடக்க, பிள்ளை எவ்வாறு நிமிர்ந்து வளரும்?

அந்நாட்டில் போரி என்ற ஆவி வழிபாடு நெடுங்காலமாக இருந்து வந்தது. பேய் பிடித்ததாகக் கருதி மேளம் கொட்டி ஆடும் சடங்கு அது. அதில் ஈடுபட்டோரில் பெரும்பாலோர் பெண்கள். கோபிரில் அதன் தலைவியும் பெண்ணே. அவருக்கு இன்னா என்பது பட்டம். பிள்ளையில்லாதவர், குழந்தை நோயுற்றவர், கணவரின் அன்பை இழந்தவர் என மனம் நொந்தவர்கள் அங்கே சென்றனர். ஒரு கூட்டம், தன் வேதனையைக் கேட்க ஒரு மூத்த பெண், மனப்பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் ஆகியவை அங்கே கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நாம் எண்ணுகிறோம்.

இது ஷிர்க் என்று அறிவித்துவிட்டால் மட்டும் போதுமா? அப்பெண்கள் நாடிச் சென்ற ஆறுதலை வேறு எங்கிருந்து பெறுவார்கள்? அஸ்மா அம்மையார் இக்கேள்விக்குச் செயலால் விடை தந்தார்.

யன் தாரு

1830களின் இறுதியில் அம்மையார் ஏற்படுத்திய பெண்கள் அமைப்புக்கு யன் தாரு என்று பெயர். ஒன்றுகூடியவர்கள் என்பது அதன் பொருள். அதன் செயல்முறை எளியது. ஊர்தோறும் நம்பிக்கைக்குரிய மூத்த பெண் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஜாஜி எனப்பட்டார். பாலைவன வணிகக் கூட்டத்தை வழிநடத்திச் செல்லும் தலைவருக்குரிய பெயர் அது. ஜாஜி தம் ஊர்ப் பெண்களை அழைத்துக்கொண்டு சொகோட்டோவில் உள்ள அஸ்மாவின் இல்லத்திற்குக் கால்நடையாக வருவார்.

யார் யார் வந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கைக்குழந்தையும் குடும்பப் பொறுப்பும் உள்ள நடுவயதுப் பெண்கள் வீட்டை விட்டு நெடுந்தூரம் வர இயலாது. ஆகவே மணமாகாத சிறுமிகளும், பிள்ளை வளர்ப்பை முடித்த மூத்த பெண்களுமே பயணம் வந்தனர். மூத்தவரும் இளையவரும் ஒரே வழியில் நடந்து, ஒரே பாடத்தை ஓதி, ஒன்றாகத் தங்கித் திரும்பினர். நாளைய வாழ்வு குறித்த ஐயங்களைச் சிறுமி தன் தாயிடம் கேட்கத் தயங்கலாம். உடன் நடக்கும் பெரியம்மாவிடம் கேட்கத் தயங்கமாட்டாள். ஊர் திரும்பிய பின் ஜாஜி, வர இயலாதிருந்த பெண்களின் வீடுகளுக்குச் சென்று தாம் கற்றதைக் கற்பித்தார். இவ்வாறு, வாசற்படி தாண்டாத பெண்ணையும் கல்வி தேடி வந்தது. அதோடு அவளுடைய சுகதுக்கங்களை விசாரிக்க ஒருவரும் வந்தார்.

ஜாஜி ஒவ்வொருவருக்கும் அம்மையார் தம் கையால் ஓர் அடையாளம் அளித்தார். மல்ஃபா எனப்படும் அகன்ற தொப்பியும் சிவப்புத் துணிப் பட்டையுமே அவை. இவற்றில் ஓர் ஆழ்ந்த நோக்கம் உண்டு. மல்ஃபா, போரித் தலைவியாகிய இன்னாவுக்குரிய சின்னமாக இருந்தது. அதே தொப்பியை மார்க்கக் கல்வி போதிக்கும் ஆசிரியையின் தலையில் அணிவித்ததன் மூலம், பெண்கள் இனி ஆறுதலுக்கு யாரை நாடலாம் என்பதை ஊரறியச் செய்தார் அஸ்மா. பொறுப்பை மட்டும் சுமத்தி அதிகாரத்தைத் தராமல் இருக்கவில்லை. தொப்பி அணிந்து வரும் பெண்ணை ஊர் மதித்தது. அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தது.

யாத்திரை வந்த பெண்கள் தானியம், வெண்ணெய், தேன், துணி போன்றவற்றைக் கொண்டுவந்து கொடுத்தனர். அவற்றை அம்மையார் நலிந்தோருக்கும் நோயுற்றோருக்கும் பகிர்ந்தளித்தார். கற்க வந்தவர்களே இன்னொருவரின் துயர் துடைப்பவர்களாகவும் ஆயினர்.

பாட்டே பாடநூல்

எழுத்தறியாத பெண்களுக்குக் கற்பிப்பது எவ்வாறு? அம்மையார் பாடங்களைப் பாட்டாக இயற்றினார். தொழுகை, நோன்பு, ஸகாத், நல்லொழுக்கம், மறுமை, நபி (ஸல்) அவர்களின் வாழ்வு, ஷெஹு அவர்களின் வரலாறு அனைத்தும் பாட்டாயின. குர்ஆனின் சூராக்களின் பெயர்களை வரிசையாக நினைவில் நிறுத்தவும் ஒரு பாட்டு இயற்றினார். பெண்கள் வழிநெடுகிலும் பாடி மனனம் செய்தனர். வீட்டில் மாவு இடிக்கும்போதும் குழந்தையைத் தூங்க வைக்கும்போதும் பாடக்கூடிய பாடநூல் அது.

அம்மையாரின் தாய்மொழி ஃபுல்ஃபுல்தே. ஆட்சியாளரின் மொழியும் அதுவே. எனினும் தோற்ற தரப்புப் பெண்களின் மொழியாகிய ஹவுஸாவிலும் அவர் எழுதினார். பிடித்து வரப்பட்ட பெண்ணுக்கு அவள் மொழியிலேயே மார்க்கம் சொல்லப்பட்டபோது, தானும் இந்தச் சமுதாயத்தில் ஒருத்தி என்ற எண்ணம் அவளுக்கு ஏற்பட வழி பிறந்தது. அந்த மொழிகளை அவர் அரபு எழுத்திலேயே எழுதினார். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழைப் போன்றதே இம்முறை.

பெல்லோ அவர்கள் 1835இல் ஸாலிஹான பெண்மணிகளைப் பற்றி அரபியில் ஒரு நூல் எழுதினார்கள். அதை அஸ்மா அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஃபுல்ஃபுல்தேயிலும் ஹவுஸாவிலும் பாட்டாக்கினார். ராபிஅத்துல் அதவிய்யா (ரஹ்) போன்ற முற்காலப் பெண் இறைநேசர்களின் வரிசையில் தம் சமுதாயப் பெண்களையும் சேர்த்துப் பாடினார். கிராமத்துப் பெண் ஒருத்தி, தனக்குத் தெரிந்த ஒருவரின் பெயரை அவ்வரிசையில் கேட்கும்போது அவள் உள்ளம் எவ்வளவு உயர்ந்திருக்கும்!

துக்கத்திற்கு ஒரு வழி

அம்மையாரின் படைப்புகளில் இரங்கற்பாக்களுக்குத் தனி இடம் உண்டு. 1837இல் கலீஃபா பெல்லோ மறைந்தபோது பாடினார். தம் இளமைத் தோழியும் பெல்லோவின் மனைவியுமாகிய ஆயிஷா மறைந்தபோது பாடினார். அப்பாக்களில் தம் தனிமையையும் கண்ணீரையும் அவர் மறைக்கவில்லை. ஈமான் உள்ளவர் அழக்கூடாது என்று எண்ணி வேதனையை உள்ளேயே அடக்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். அழுகையை அனுமதித்து, பிரிந்தவரின் நற்பண்புகளை நினைவுகூர்ந்து, முடிவில் துஆவில் சேர்த்துவிடுவது அவரது முறை. துக்கத்தில் மூழ்கிப் போகாமலும், துக்கமே இல்லாததுபோல் நடிக்காமலும் அதைக் கடந்து செல்லும் வழி அது.

பெரியவர்களுக்கு மட்டும் அவர் பாடவில்லை. ஸஹரா என்ற பெண்மணியைப் பற்றிய இரங்கற்பா நம் நெஞ்சைத் தொடுவது. அப்பெண்மணி பேரறிஞர் அல்லர். பிரசவ வேதனைப்படும் பெண்களுக்குத் துணை நின்றார். பெண் மையித்துகளைக் குளிப்பாட்டினார். பொறுமையோடு பிறர் சுமையைத் தாங்கினார். இச்சேவைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அஸ்மா பாடினார். உறவினரிடையே சமாதானம் செய்து வைத்தவர், பசித்தவருக்கு உணவு சமைத்தவர் போன்றோரையும் அவர் பாட்டில் வாழ வைத்தார். எவரும் கவனிக்காத உழைப்பைக் கவனித்தேன் என்று சொல்வதைவிட மனத்திற்கு வேறு என்ன மருந்து வேண்டும்?

மருத்துவத்தையும் அவர் புறக்கணிக்கவில்லை. குர்ஆனின் சூராக்களை ஓதி நிவாரணம் வேண்டுவது பற்றி ஒரு நூல் எழுதினார். துஆவும் நபிவழி மருத்துவமும் பெண்கள் கைக்கு எட்டியபோது, போரிச் சடங்கின் தேவை குறையும் என்பது அவர் நோக்கம்.

இல்லற வாழ்வும் இறுதிக் காலமும்

இத்தனை பணிகளையும் அம்மையார் இல்லறத்தைத் துறந்து செய்யவில்லை. பெரிய குடும்பத்தை நிர்வகித்தார். பிள்ளைகளை வளர்த்தார். ஷெஹு அவர்களின் வரலாற்றைப் பதிவு செய்வதில் கணவரும் மனைவியும் இணைந்து உழைத்தனர். கணவர் கிதாதோ இப்பணிகளுக்குத் தடையாக இருக்கவில்லை, துணையாகவே இருந்தார். ஆட்சி விவகாரங்களிலும் அம்மையாரின் ஆலோசனை மதிக்கப்பட்டது. தொலைவில் உள்ள மௌரித்தானியாவின் அறிஞரோடும் அவர் கவிதையால் தொடர்பு கொண்டிருந்தார். மக்கள் அவரை ஊரின் தாய் எனப் பொருள்படும் பட்டத்தால் அழைத்தனர்.

பிற்காலத்தில் கிதாதோ மறைந்தார். அந்தப் பிரிவையும் இரங்கற்பாவாக வடித்த அஸ்மா, கற்பிக்கும் பணியை நிறுத்தவில்லை. 1864இல் சொகோட்டோவில் வஃபாத்தாகி, தந்தையாரின் அடக்கத்தலத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். சுமார் நாற்பது ஆண்டுகளில் அவர் இயற்றியவற்றில் அறுபதுக்கும் மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன.

தலைவி மறைந்ததும் யன் தாரு கலைந்துவிடவில்லை. இளைய சகோதரி மர்யம் பொறுப்பேற்றார். 1903இல் ஆங்கிலேயர் சொகோட்டோவைக் கைப்பற்றி ஆட்சியை மாற்றினர். ஆட்சி மாறிய பின்னும் ஜாஜிகள் நடந்துகொண்டிருந்தனர். அம்மையாரின் கையெழுத்துப் பிரதிகளை அவர் வழித்தோன்றல்கள் பாதுகாத்தனர். அவை தொகுக்கப்பட்டு 1997இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் நூலாக வெளிவந்தன. கடல் கடந்து அமெரிக்காவிலும் அவர் முறையைப் பின்பற்றும் பெண்கள் கல்விக் குழுக்கள் தோன்றியுள்ளன.

நாம் பெறும் பாடம்

இவ்வரலாற்றைப் படித்துப் பாராட்டிவிட்டு மூடி வைப்பது எளிது. அஸ்மா அம்மையார் செய்தவற்றில் பெரும் பொருட்செலவு தேவைப்படுவது எதுவும் இல்லை என்பதை ஜமாஅத்தார் சிந்திக்க வேண்டும். தெருவுக்கு ஒருவராக, இரகசியம் காக்கத் தெரிந்த மூத்த சகோதரிகள் சிலரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பணம் தேவையில்லை. அவர்களுக்கு ஜமாஅத்தின் அங்கீகாரம் தேவை. அங்கீகாரம் இல்லாமல் ஒரு பெண் வீடு வீடாகச் சென்றால் ஊர் வாய் சும்மா இராது. மல்ஃபாத் தொப்பியின் பொருள் இதுவே.

அவர்களோடு பள்ளி, கல்லூரியில் பயிலும் பெண்பிள்ளைகளும் இணைந்து செல்லலாம். இளைஞர்களுக்கும் இதே முறையில், பள்ளியில் தொழுதுவிட்டு அமர்ந்திருக்கும் மூத்தவர்களில் கனிவுடையோர் வழித்துணை ஆகலாம். அறிவுரை சொல்வதற்கு முன் காதுகொடுத்துக் கேட்பவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். துக்கமோ அச்சமோ வாரக்கணக்கில் நீங்காமல், உணவும் உறக்கமும் கெட்டுப்போனால், தயங்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் வேண்டும். நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. மனத்தின் நோயும் நோய்தான். மருந்து உண்பதும் துஆச் செய்வதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல.

மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆண்டறிக்கைகளில் நன்கொடையாளர் பெயர்களை அச்சிடுகிறோம். அது நன்றிக்கடன். நள்ளிரவில் பிரசவத்திற்குத் துணை போனவர், மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டவர், பேச்சுவார்த்தை அற்றுப்போன இரு குடும்பங்களை இணைத்து வைத்தவர் ஆகிய சகோதரிகளுக்கும் அக்கடன் உண்டு. ஸஹராவின் சேவையை அஸ்மா பதிவு செய்தார். நம்மிடையே வாழ்ந்து மறைந்த ஸஹராக்களை யார் பதிவு செய்வது?

தொப்பி அணிந்து ஊர் ஊராய் நடந்த அந்த ஆசிரியைகளின் உழைப்பை ஏற்று, நானா அஸ்மா அம்மையாரின் மண்ணறையை வல்ல அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. நம் வீடுகளில் வாடியிருக்கும் உள்ளங்களைத் தேடிச் செல்லும் நல்லெண்ணத்தையும், அதற்கான ஒற்றுமையையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.